தானாகத் திறந்த பக்கம்

1. டிப்போவின் ஒரே சட்டம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் என் கையில் ஒரு கித்தான் பையைக் கொடுத்தார். உள்ளே தமிழ் வேதபுத்தகம் ஆறு, தனித்தனிச் சுவிசேஷங்கள் ஒரு கட்டு, வீடுகளில் காட்டுவதற்கு ஒரு சாம்பிள் பிரதி. பையின் கனத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டத்தைச் சொன்னார்.

"தம்பி, நம்ம வேல விக்கிறது. விளக்குறது இல்ல. யாராவது அர்த்தம் கேட்டா, 'நீங்களே வாசிச்சுப் பாருங்க'ன்னு சொல்லிட்டு நடையக் கட்டணும். புரியுதா?"

"அர்த்தம் சொன்னா என்ன சார்?"

"நீ ஒரு அர்த்தம் சொல்லுவ. அடுத்த சபைக்காரன் வேற அர்த்தம் சொல்லுவான். நாளைக்கு ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டு என் மேஜைக்கு முன்னால வந்து நிப்பாங்க. எனக்கு பி.பி. இருக்கு."

அறுபதுகளின் தொடக்கம் அது. வேதபுத்தகம் விற்கிற எங்கள் டிப்போ பம்பாயில், மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. எந்தச் சபைக்காரரும் வந்து வாங்கலாம். வசனத்தைத் தவிர விளக்கவுரை என்று ஒரு வரி அந்தப் புத்தகத்தில் இருக்காது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நான் புராட்டஸ்டண்டு வீட்டுப் பிள்ளை. விசுவாசத்துக்கு வேதம் ஒன்றே போதும், நடுவில் ஆள் வேண்டியதில்லை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். அதையே சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்னால் கசக்குமா?

ஒரு மாதத்தில் கால்களுக்குக் கசந்தது. லேபர் கேம்ப், தாராவி, சயான், வாரத்தில் ஒரு நாள் செம்பூரும் தேவ்நாரும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இன்றைக்கு எனக்கிருக்கும் முழங்கால் வலிக்குப் பாதிக் காரணம் அந்தப் பை. மீதி வயசு.

2. சாம்பிள் பிரதி

விளக்காமல் விற்பது எப்படி? போன வீட்டிலெல்லாம் ஒரே பதில்தான். "எங்ககிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கு." இல்லாவிட்டால், "வாசிக்க நேரம் எங்க இருக்கு அண்ணாச்சி?" கதவைச் சாத்திவிடுவார்கள்.

எங்கள் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்தில் முடிவெடுக்க முடியாமல் தவித்தால் ஜெபம் பண்ணிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறப்பார்கள். விரல் விழுந்த வசனம்தான் ஆண்டவர் சொன்ன பதில். மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறுவதுவரை இப்படித் தீர்மானித்தவர்கள் இருக்கிறார்கள். நான் இந்த வழக்கத்தைத் தொழிலுக்கு எடுத்துக்கொண்டேன்.

"வாங்க வேண்டாம். சும்மா கண்ண மூடித் திறந்து பாருங்க. எந்த இடம் வருதோ அது உங்களுக்கு" என்று சாம்பிளை நீட்டுவேன். பெரும்பாலும், பயப்படாதே, நான் துணையிருக்கிறேன் என்று ஆண்டவர் தேற்றுகிற இடம்தான் வரும். ஊரைவிட்டு வந்து ஒற்றை அறையில் ஏழு பேராகப் படுத்துக் கிடக்கிற ஜனங்கள். அதை வாசித்ததும் கண் கலங்கிவிடும். புத்தகமும் விற்றுப்போகும்.

அதில் அற்புதம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் சாம்பிளின் முதுகை நான் உடைத்து வைத்திருந்தேன். புது பைண்டிங்கை ஒரு பக்கத்தில் அகல விரித்து, நடுவில் கட்டைவிரலால் நாலு தரம் அழுத்தித் தேய்த்துவிட்டால் போதும். பிறகு யார் திறந்தாலும் அங்கேதான் விரியும். வாயைத் திறந்து விளக்கம் சொல்லவில்லையே, சட்டப்படிதானே நடக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

அப்படித்தான் செல்லத்தாய் வாங்கினாள். தாராவியில் தோல் கம்பெனியில் வேலை பார்த்த தங்கராசுவின் மனைவி. ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுவரை படித்தவள், எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். சாம்பிளைத் திறந்து வாசித்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குன்னே எழுதுன மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி!"

"வேதம் ஒண்ணே போதும் தங்கச்சி. எதுனாலும் இதுல பதில் இருக்கு" என்றேன்.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஆர்.சி. கத்தோலிக்கம், தூத்துக்குடிப் பக்கம். என்னை வம்புக்கு இழுக்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

"ஏன் அண்ணாச்சி, படிச்சிட்டு அர்த்தம் புரியலன்னா அவ யார்ட்ட கேப்பா? எங்களுக்குச் சாமியார் இருக்காரு. அவரு தப்பாச் சொன்னாலும் சண்ட போட ஒரு ஆளு இருக்குல்லா?"

"வேதமே வேதத்துக்கு அர்த்தம் சொல்லும் அக்கா."

"அப்படியா? அது பேசுதப்ப ஒரு சத்தம் குடுங்க. சோத்த இறக்கி வச்சிட்டு வாரேன்."

சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

3. கேஸ் பேப்பர்

ஒரு வருஷம் ஆகியிருக்கும். காலையில் டிப்போவுக்குப் போனால் தங்கராசு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும். அவ ஆபரேசன் வேண்டாங்கா."

செல்லத்தாய்க்கு வயிற்றில் கட்டி. பல மாதமாக ரத்தப்போக்கு, ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்திருக்கிறாள். சயான் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், உடனே எடுக்காவிட்டால் ஆளை எழுப்ப முடியாது என்று சொல்லிவிட்டாராம். இவள் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி வேதத்தைத் திறந்திருக்கிறாள். பழைய ஏற்பாட்டில் ஒரு ராஜா. அவனுக்குக் காலில் வியாதி. ஆண்டவரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான், செத்துப்போனான் என்று வந்திருக்கிறது. மூன்று நாள், மூன்று தடவை திறந்தாளாம். மூன்று தடவையும் அதே இடம்.

மேனேஜர் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நீ போகாத. போனா அர்த்தம் சொல்ல வேண்டி வரும். அவங்க சபை பாதிரி ஐயர் போகட்டும்."

"ஐயர் வந்து சொல்லிப் பாத்துட்டாக சார்," என்றார் தங்கராசு. "நீங்க சொல்லுதது மனுசன் பேச்சு, இது ஆண்டவர் பேச்சுன்னுட்டா. புஸ்தக அண்ணாச்சிதான் சொன்னாக, வேதம் ஒண்ணே போதும்னு சொல்லுதா."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு தங்கராசுவோடு இறங்கிவிட்டேன்.

செல்லத்தாய் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மரியபுஷ்பம் பக்கத்தில் கஞ்சி டம்ளரோடு இருந்தாள். அன்றைக்கு அவள் என்னை வம்புக்கு இழுக்கவில்லை.

சட்டத்தை மீறி, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். வேதத்திலேயே அப்போஸ்தலரோடு கூடவே நடந்தவர் ஒரு வைத்தியர்தானே என்றேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்துக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டின கதையை எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இதெல்லாம் நீங்க தேடி எடுத்தது. எனக்கு வந்தது தானா வந்தது."

அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். அலுப்பாக இருந்தது, பயமாகவும் இருந்தது. "அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் குடு" என்றேன்.

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தாள். என் கையில் வாங்கியதும் அது தானாக விரிந்தது. அதே ராஜா, அதே பக்கம். நடுவில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. பிரித்தேன். சயான் ஆஸ்பத்திரியில் அவள் வியாதியை எழுதிக் கொடுத்த கேஸ் பேப்பர்.

"இது எத்தன நாளா இதுக்குள்ள இருக்கு?"

"முதல்ல ஆசுபத்திரிக்குப் போனதுலருந்து. தொலஞ்சிரக் கூடாதுல்லா? திறந்து பாக்கும்போது எடுத்துருவேன், பெறவு அங்கனயே வச்சிருவேன்."

பல மாதமாக, தடித்த மடிப்போடு, தலையின் கனத்துக்கு அடியில் கிடந்திருக்கிறது. முதுகு அங்கே முறியாமல் என்ன செய்யும்? நான் கட்டைவிரலால் செய்ததை ஆஸ்பத்திரிக் காகிதம் செய்திருந்தது.

இதை மட்டும் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருக்க மாட்டாள், அது எனக்குத் தெரிந்தது. பையிலிருந்து சாம்பிளை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"கண்ண மூடிட்டு இதத் திற தங்கச்சி."

திறந்தாள். மூடித் திறக்கச் சொன்னேன். இன்னொரு தரம். மூன்றாவது தரம் அவள் குனிந்து வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது அன்னைக்கி எனக்கு வந்த வசனம்லா?"

"ஆமா. எல்லாருக்கும் அதுதான் வந்துச்சு. நான்தான் வர வச்சேன்." எப்படி என்று விரலை வைத்துக் காட்டினேன்.

அவள் சாம்பிளை மூடி என் பக்கம் தள்ளினாள். "அப்போ ஆண்டவர் எனக்கு ஒண்ணுமே சொல்லலையா?"

என் ஜென்மத்தில் அப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை. மரியபுஷ்பம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சொல்லாம என்னட்டி? டாக்டர் வாயால சொன்னத நீதான் மடிச்சு அதுக்குள்ள வச்சிருக்க. எந்திரி. நான் கூட வாரேன், ஆசுபத்திரியில ராவும் பகலும் இருக்கேன். உன் பிள்ளைங்க எங்க வீட்டுல சாப்பிடட்டும்."

செல்லத்தாய் கேஸ் பேப்பரை எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "நீங்க வெளிய போங்க அண்ணாச்சி. இனி இங்க வராதிய."

போனேன். மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டியை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டாள் என்று தங்கராசு வந்து சொன்னபோது மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

4. உடைக்காத முதுகு

மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் சாம்பிளை வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, புதுசு ஒன்றை எடுத்துத் தந்தார். "இத எங்கயும் உடைக்காத" என்றார். அவ்வளவுதான்.

விற்பனை படுத்துவிட்டது. அதைவிட அலுப்பான வேலை, ஏமாற்றி விற்ற வீடுகளை ஞாபகப்படுத்தித் தேடிப் போய்ச் சொன்னது. ஒருவர் கதவை முகத்தில் அடித்தார். லேபர் கேம்ப்பில் ஒரு அம்மா சிரித்தபடியே, "போகட்டும், அன்னைக்கி எனக்கு அந்த வசனம் வேண்டியிருந்துச்சு" என்றாள். திட்டு வாங்கியதைவிட அதுதான் என்னை அதிகம் வாட்டியது.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், விசுவாசத்துக்கு வேதம் மட்டும் போதுமா என்று. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக இதே கேள்வியைக் கேட்டு அலுத்துவிட்டது. போதும் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் விரல் விழுந்த ஒரு வரி போதாது. முன்னும் பின்னும் வாசிக்க வேண்டும். வாசிக்கிறவள் பாயில் விழுந்தால் கூட வருவதற்கு ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆள் ஆர்.சி.யாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்த நாட்களில் செல்லத்தாய் இருந்த சந்துப் பக்கமே நான் போகவில்லை. ஒரு வருஷத்துக்குமேல் சுற்றுவழியாகவே நடந்தேன். ஒரு நாள் மழையில் வேறு வழியெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்க, தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சந்தில் நுழைந்தேன்.

"புஸ்தக அண்ணாச்சி, நில்லுங்க."

அவள்தான். சற்றுச் சதை போட்டிருந்தாள். கையில் அந்தப் புத்தகம்.

"முதல் பக்கத்துலருந்து வாசிச்சிட்டு வாரேன். ஒரு பக்கமும் விடல. நேத்து அந்த ராசாகிட்ட வந்துட்டேன். வைத்தியர்ட்ட போனது அவன் கதையில கடேசி. அதுக்கு முந்தி என்ன செஞ்சான்னு வாசிச்சிருக்கியளா?"

எத்தனையோ வீட்டுக்கு அந்தப் புத்தகத்தைச் சுமந்து போய் விற்றவன் நான். "இல்ல தங்கச்சி" என்றேன்.

"ஒரு பெரியவர் அவன் மூஞ்சிக்கு நேர வந்து உள்ளத உள்ளபடி சொன்னாரு. ராசாவுக்குக் கோவம் வந்து அவரப் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டான்." புத்தகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "நானும் அன்னைக்கி உங்கள வெளிய போகச் சொல்லிட்டேன்லா?"

அவள் வாசலிலிருந்து விலகி, முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உள்ள வாங்க. நனையாதிய."

விளக்கக் கூடாது என்ற சட்டத்தோடு நடந்தவனுக்கு அந்தப் பக்கத்தை விளக்கியவள் அவள்தான். பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.