கார்டியலுக்குக் கீழே கட்டம் இல்லை

கஸ்டமர் கேர் அலுவலகத்தில் அவருக்கு மார்க் சார் என்று பெயர். அங்கே வேலை பார்ப்பவர்கள் வாடிக்கையாளர்களிடம் பேசியதை ரெக்கார்டிங்கில் கேட்டு, குரலுக்கு மார்க் போடுவது அவர் வேலை. படிவத்தில் நாலு கட்டம்: கார்டியல், அஃபபிள், ஃபிரெண்ட்லி, வார்ம். அகராதியைக் கேட்டால் நாலும் ஒன்றுதான் என்று நழுவிவிடும். மார்க் சார் நழுவமாட்டார். கார்டியல் என்றால் கதவைப் பாதி திறந்து சிரிப்பது. அஃபபிள் உட்காரவைத்துப் பேசும், எழுந்து போனதும் மறந்துவிடும். ஃபிரெண்ட்லி அடுத்த தடவை பெயர் சொல்லிக் கூப்பிடும். வார்ம் என்பது, வந்த விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்பது.

பத்தொன்பது வருடமாக இதில் அவரை அசைக்க ஆளில்லை. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காரவும் ஆளில்லை. அவர் டப்பாவைத் திறந்தால் மேசையே கார்டியலாகிவிடும்.

வீட்டிலும் அவர் மட்டும்தான். உறவென்று மிச்சம் வேறு ஊரில் இருக்கும் தங்கை. ஞாயிறு பத்து மணிக்கு போன் செய்வாள். பழக்கதோஷம், அவளுக்கும் மனதுக்குள் டிக் அடிப்பார். முன்பெல்லாம் வார்ம். வருடத்துக்கு ஒரு கட்டமாகச் சரிந்து இப்போது கார்டியல். பேச்சும் நாலு நிமிடத்தில் முடிகிறது. கார்டியலுக்குக் கீழே கட்டம் கிடையாது. இன்னும் சரிந்தால் போனே வராது. அந்தப் பயம் வாரம் முழுக்க அவரை அரித்தது.

அந்த ஞாயிறு அவள் முழங்கால் வலி என்றாள். பயத்தில் மார்க் சார் கூடுதல் ஜாக்கிரதையானார். குறுக்கிடவில்லை. சிரமம் புரிகிறது என்றார். கடைசியில், சொல்லாமல் விட்டால் படிவத்தில் ஐந்து மார்க் போய்விடுகிற அந்த வரியும் வாயில் வந்துவிட்டது.

"வேற ஏதாவது உதவி தேவைப்படுதா?"



"ஏண்ணா, நான் என்ன கரண்ட் போச்சுன்னு கம்ப்ளெயின்ட்டா குடுக்கறேன்? வர வர ஆபீஸ்ல பேசற மாதிரியே பேசற. நான் தொந்தரவோன்னு நெனச்சுத்தான் சீக்கிரம் வச்சிடறேன்."

வைத்தும்விட்டாள்.

ஆயிரக்கணக்கான அழைப்புகளில் இரண்டு பக்கத்தையும் கேட்டவர், இதில் மட்டும் அவள் பக்கத்தைத்தான் கேட்டிருக்கிறார். சரிபார்க்க ரெக்கார்டிங்கும் இல்லை.

அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். என்ன என்றாள்.

"எந்தக் கால்னு நான் கேக்கவே இல்ல."

"இடது."

பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை. படிவப்படி, பத்து வினாடிக்கு மேல் மௌனம் என்றால் மொத்த மார்க்கும் போச்சு. அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.