துணி நானா ஒட்டிட்டுப் போன கண்ணாடி

எங்க தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு பைக்குல சேலை கொண்டாந்து விக்கிற முஸ்லிம் நானா ஒருத்தரு இருந்தாரு. தாடி பூரா வெள்ளை, ஆனா சட்டை கசங்காது. பைக்கு கண்ணாடி மூலையில பின்னுக்கு ரோட்டு பூரா தெரியுற மாதிரி, பொத்தான் கணக்கா ஒரு குட்டிக் கண்ணாடி ஒட்டியிருப்பாரு. அதைப் பாக்காம ஒரு வளைவு திரும்ப மாட்டாரு.

பேத்தி பொறந்த அன்னைக்கி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸ விட்டுட்டேன். அவருதான் ஏத்திக்கிட்டாரு. ஏறுறதுக்கு முன்ன பைக்கு கண்ணாடிய என் பக்கம் திருப்பி பொட்டு வச்சிட்டு, அப்படியே விட்டுட்டேன். மொத வளைவுலயே லொறி ஒண்ணு உரசுற மாதிரி போச்சு. வண்டிய நிப்பாட்டி கண்ணாடிய நேராக்கினாரு.

"அம்மா, இதுல ஒங்க மொகம் தெரிஞ்சா, பின்னுக்கு வார லொறி எனக்குத் தெரியாதே."

"அதுக்காக பேத்திய வெறும் நெத்தியோடயா பாக்குறது நானா?"

சிரிச்சிட்டாரு. அடுத்த தடவ வந்தப்ப அதே மாதிரி குட்டிக் கண்ணாடி ஒண்ண எங்க வாசக்கால்ல ஒட்டிட்டுப் போனாரு.

இப்ப அவரு வாறதில்ல. பொட்டு வைக்கிறப்ப என் மொகத்துக்குப் பின்னால ரோட்டு பூரா அதுல தெரியும். பொட்டு வச்ச பொறகும் கொஞ்ச நேரம் அந்த ரோட்டயே பாத்துக்கிட்டு நிப்பேன்.