இருட்டில் அடித்த டார்ச்

கோலாலம்பூரின் அந்தப் பெரிய அரங்கத்தில் மேடை நிர்வாகி வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோது, நான் அதுவரை நாடகம் நடத்தியிருந்ததெல்லாம் பள்ளி மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தை முடித்தவள் நான் ஒருத்தி. ஜெராம் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அப்பா, எங்கள் லயத்து வீடுகளில் பார்த்தவர்களிடமெல்லாம், "அங்க எம்பொண்ணு சொன்னாத்தான் எதுவும் நடக்கும்" என்று சொல்லி வைத்திருந்தார்.

அது பொய்யில்லை. திரையோரம் நின்று ஹெட்போனில் நான் ஒரு சொல் சொன்னால் விளக்குகள் அணையும். இன்னொரு சொல்லுக்குத் திரை இறங்கும். ஒத்திகையில் முதன்முதலாக அப்படி நடந்தபோது, மிரண்டுபோய் அடுத்த சொல்லை மறந்து நின்றேன்.

அரங்கப் பொறுப்பாளர் அதிகம் பேசாத மலாய்க்காரர். முதல் நாடகம் ஒழுங்காக நடந்தால்தான் வேலை என்றார். காட்சி மாறும்போது மேடை கும்மிருட்டாக இருக்க வேண்டும். அதில் துளி வெளிச்சம் தெரிந்தாலும் மறுநாள் நான் வர வேண்டியதில்லை.

அந்த முதல் நாடகத்துக்கு அப்பா ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டி வந்தார். எல்லாரும் நடு வரிசைகளில் உட்கார்ந்தார்கள்.

அரசன் குத்துப்பட்டு விழுந்தான். அரசி கதறினாள். விளக்கை அணைக்கச் சொன்னேன். இனி, செத்த அரசன் இருட்டில் எழுந்து போக வேண்டும், சிம்மாசனத்தை இரண்டு பேர் தூக்க வேண்டும். ஆள் பற்றாததால் அதில் ஒரு பக்கம் என் பங்கு. ஓடிப்போய்த் தூக்கினேன்.

முகத்தில் பளீரென்று வெளிச்சம் அடித்தது. ஒன்றல்ல, நடு வரிசைகள் முழுக்க டார்ச் லைட்டுகள். அரசனாக நடித்தவர் வேட்டியைப் பிடித்தபடி பாதி எழுந்த நிலையில் உறைந்துவிட்டார்.

"டேய், செத்தவன் எந்திரிச்சிட்டான் லா!" என்று நடு வரிசையில் ஒருவர் கத்தினார்.

அரங்கமே சிரித்தது. அதற்கும் மேலே அப்பாவின் குரல் கேட்டது.

"அது நம்ம புள்ளடா! படிச்ச புள்ளய நாக்காலி தூக்க வுட்டிருக்கானுங்க பாரு!"

வேலை போய்விட்டது என்று மட்டும் தெரிந்தது. எதற்காக இப்படிச் செய்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. எங்கள் தோட்டத்துக் கோயில் நாடகத்தில் ஜெனரேட்டர் அடிக்கடி நின்றுவிடும். விடியுமுன் மரம் வெட்டப் போகும்போது பிடிக்கும் டார்ச் எல்லார் கையிலும் இருக்கும், உடனே மேடைக்கு அடிப்பார்கள். நாடகம் நிற்காது. கரண்ட் வந்ததும் மேடையில் இருப்பவர் இரண்டு கைகளையும் தாழ்த்திக் காட்டினால் அணைப்பார்கள். இங்கேயும் கரண்ட் போய்விட்டதென்று எனக்கு உதவிக்கு வந்திருக்கிறார்கள்.

சிம்மாசனத்தைக் கீழே வைத்தேன். அவர்களைப் பார்த்துத் திரும்பி இரண்டு கைகளையும் தாழ்த்தினேன். சட்டென்று எல்லாம் அணைந்தன. அப்பாவுடையது மட்டும் என் முகத்தில் கொஞ்சம் நின்று அணைந்தது.

நாடகம் முடிந்ததும் பொறுப்பாளர் வந்தார். யார் அவர்கள் என்று கேட்டார்.

"என் அப்பா. எங்கள் தோட்டத்து ஆட்கள்" என்றேன். தலையைக் குனியவில்லை.

கூட்டத்தை அடக்க அரங்க விளக்குகளைப் போடச் சொல்லித் தான் வாய் திறப்பதற்குள், நான் கையைத் தாழ்த்தியதும் அரங்கமே இருண்டுவிட்டது, இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை என்றார். நாளைக்கு மதியமே வா, அவர்கள் மறுபடி வந்தால் டார்ச்சை பஸ்ஸில் வைக்கச் சொல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே பஸ் படியில் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நாளைக்கும் நீதான் அந்த நாக்காலியத் தூக்கணுமா?"

"ஆமாப்பா. நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க."

அவர் பஸ்ஸுக்குள் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்:

"கேட்டீங்களா? நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்களாம் லா!"