வரைபடத்தில் காலியாக விட்ட கட்டம்

ஏழாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்து ஆஸ்திரேலியாவைப் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொட்டாவிதான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், இணையத்தில் அவரவரே வரைபடம் செய்துகொள்ளலாம் என்று வந்ததும் வகுப்பையே கம்ப்யூட்டர் லேபுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். எல்லோருக்கும் பொதுவாக ஒரே வரைபடம். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டின் மேல் ஒரு குறி வைக்க வேண்டும். குறியைத் தொட்டால் திறக்கும் கட்டத்தில், வீட்டில் யார் யார் என்று எழுத வேண்டும். பிறகு பள்ளி எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் குறியை மாதிரிக்கு நானே வைத்தேன், புனேயின் வானவடிப் பகுதியில் என் இரண்டாவது மாடி வீட்டின் மேல். கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. தொண்ணூறுகளில் அப்பாவின் வேலையோடு புனே வந்தவர்கள் நாங்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது நான்தான். அதை வகுப்புக்கு எதற்கு எழுதிக் காட்ட வேண்டும்?

பிள்ளைகளுக்கு அந்தச் சங்கடமில்லை. அப்பா, அம்மா, தம்பி, நாய் என்று கட்டங்களை நிரப்பினார்கள். ஒருவன் தொட்டி மீன்களையும் விடவில்லை.

வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். வேலூர்ப் பக்கத்துக்காரரான ராணுவ ஹவில்தார் ஒருவரின் மகள். தமிழ் படிக்கத் தெரியாது, பேச்சிலும் பாதி இந்தி. இடைவேளையில் என் மேசையருகே வந்து நிற்பாள். ஒரு நாளில் நான் நேருக்கு நேர் கேட்கும் தமிழ் அவ்வளவுதான். அதையும் திருத்திக்கொண்டே இருப்பேன்.

“மிஸ், உங்க டப்பா மட்டும் காலியா இருக்கு. உங்க வீட்ல கோன் கோன் இருக்காங்க?”

“கோன் கோன் இல்லம்மா. யார் யார்.”

“யார் யார் இருக்காங்க?”

“மணி அடிச்சாச்சு, கிளாசுக்குப் போ.”

மணி அடிக்கவே இல்லை.

மறு வாரம் அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். சீருடையில் இருந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். குவார்ட்டர்ஸையெல்லாம் மேப்புல போடக்கூடாது. எந்த வீட்ல யார் இருக்காங்கன்னு வெளியாளுக்குத் தெரியக்கூடாது.” ராணுவக் குடும்பங்கள் நிறைந்த பள்ளியில் இத்தனை ஆண்டு வேலை பார்த்தும் இது என் புத்திக்கு எட்டவில்லை. வெட்கமாகிவிட்டது. ஒரு குழந்தையின் வீடும் இருக்கக் கூடாது என்று பள்ளி முதல்வரும் சொல்லிவிட்டார். அன்று மாலையே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன்.

அடுத்த வகுப்பில் ஒருவன் திரையைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டான், “மேடம், புனே முழுக்க நீங்க மட்டும்தான் இருக்கீங்களா?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில், எந்த ஊருக்குப் போனாலும் தங்கள் வீட்டை வரைபடத்தில் குறிக்கக் கூடாது என்று எல்லோரையும் நோட்டில் எழுத வைத்துக் கையெழுத்தும் வாங்கினேன்.

மார்ச்சில் அவளுடைய அப்பாவுக்கு மாற்றல் வந்தது.

“எந்த ஊரும்மா?”

“நார்த்ல எங்கயோ மிஸ். போனதும் மேப்ல போடறேன்.” சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இல்ல, போட மாட்டேன்.”

ஜூனில் பள்ளி திறந்தது. புது வகுப்பை நான் லேபுக்கு அழைத்துப் போகவில்லை. ஆனால் பாடமில்லாத வேளைகளில் நான் மட்டும் போய் அந்தப் பழைய வரைபடத்தைத் திறந்து பார்ப்பேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றுதான் அதை வைத்திருந்தேன். என் ஒற்றைக் குறி மட்டும் இருக்கும். ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாள் என்று அவள் மேல் எரிச்சல் வரும். எழுதாதே என்று சொன்னதே நான்தான் என்பது பிறகுதான் உறைக்கும். அவளுடைய அரைகுறைத் தமிழுக்கு அவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன்.

தீபாவளி விடுமுறை முடிந்து லேபுக்குப் போனபோது இரண்டு குறிகள் இருந்தன. இரண்டாவது, வங்காள விரிகுடாவின் நட்டநடுவில். பக்கத்தில் ஒரு தீவுகூட இல்லை. யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்று அழிக்கப் போனேன். அதற்குமுன் கட்டத்தைத் திறந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ்.

“மிஸ், நான் இங்க இல்ல. இங்க யாருமே இல்ல, அதனால தப்பு இல்ல. நான் நல்லா இருக்கேன். உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?”

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. என் குறியைத் திறந்து, அந்தக் காலிக் கட்டத்தில், அவள் படிக்கிற மாதிரி ஆங்கில எழுத்திலேயே அடித்தேன்: “நான் மட்டும்தான்.”

மணி அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.