கொப்பரைக் களத்தில் ஒரு பழைய வார்த்தை

எங்கள் சித்தப்பாவுக்கு முப்பது தாண்டியும் பெண் அமையாததற்கு ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் இங்கிலீஷில்தான் இருந்தது.

காந்திபுரத்தில் பம்ப் செட் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் எப்போதோ ஒரு தடிமனான இங்கிலீஷ் அகராதி வாங்கி வந்தார். ஒவ்வொரு வார்த்தையையும் முதன்முதலில் யார், எந்த வருடம் எழுதினார்கள் என்பதுகூட அதில் போட்டிருக்கும். அதிலும் வழக்கொழிந்துபோன வார்த்தை என்றால் சித்தப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். கடைக்கு வால்வு வாங்க வந்தவர்கள், நூற்றாண்டுகளாக யாரும் பேசாத ஒரு வார்த்தையையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கும் ஒரு வார்த்தை வந்து சேரும். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

ஆனால் பெண் வீட்டார் என்ன பாவம் செய்தார்கள்? கோபியில் ஒரு பெண்ணைப் பார்த்து எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. பெண்ணின் அப்பா, "எப்பங்க முடிவு சொல்லுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா, "ஓவர்மாரோ சொல்லிப்போடறேனுங்க" என்றாராம். நாளன்றைக்கு என்பதற்கு முன்னொரு காலத்தில் இங்கிலீஷில் இருந்த வார்த்தை அது. அவர்கள் ஊரெல்லாம் விசாரித்தும் பிடி கிடைக்காமல், பெண்ணைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்ற இடங்களும் ஏறக்குறைய இப்படியே தட்டிப்போயின.

கடைசியாகப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் பெண் பார்க்கவே வரமாட்டேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் காலையில் வேனில் ஏறும்போது அம்மா கறாராகச் சொன்னாள்: "தம்பி, இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தப் பழைய இங்கிலீசை ஊட்லயே வெச்சுப்போட்டு வாங்க." பிறகு என்னைத் தனியே இழுத்து, "கண்ணு, நீ பக்கத்துலயே இரு. ஆரம்பிச்சாருன்னா கிள்ளிப்போடு" என்றாள். அவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

தென்னந்தோப்புக்கு நடுவில் பெண் வீடு. காபி, பஜ்ஜி எல்லாம் ஆன பிறகு, இரண்டு பேரும் கொஞ்சம் பேசிவிட்டு வரட்டும் என்று அவர்களைக் களத்துக்கு அனுப்பினார்கள். சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். களம் முழுக்கக் கொப்பரை காயப் போட்டிருந்தது. பனி விலகி இளவெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அக்கா பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். என்ன படித்தீர்கள், கடை எப்படிப் போகிறது என்று அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா "ஆமாங்க", "இல்லீங்க" என்பதற்கு மேல் போகவில்லை. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம்.

கடைசியில் அந்த அக்கா நின்றுவிட்டார். "ஏனுங்க, புடிக்கலைன்னா நேரா சொல்லிப்போடுங்க. நானே எங்கப்பாகிட்டச் சொல்லிக்கறேன்" என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். அப்படியொரு பரிதாபமான முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. கிள்ளத்தானே சொன்னார்கள், நான் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! "அக்கா, இந்த வெயிலுக்கு இங்கிலீசுல ஒரு பேரு இருக்குதுங்க. ஏப்ரிசிட்டி. குளுர்காலத்து வெயிலோட கதகதப்பு. சித்தப்பாதான் சொல்லிக்குடுத்தாங்க" என்றேன்.

"அப்படியொரு வார்த்தையா? நான் கேட்டதே இல்லையே?" என்றார் அக்கா.

அவ்வளவுதான், மடை உடைந்துவிட்டது. "நானூறு வருசத்துக்கு முன்னாடி ஒரு அகராதிக்காரர் எழுதி வெச்சாருங்க. அன்னைக்குத்தான் அந்த வார்த்தையே பொறந்தது. அப்புறம் அத ஒருத்தருமே சீந்தலீங்க!" நான் கிள்ளினேன். அவருக்கு உறைக்கவே இல்லை.

"அதெப்படிங்க அன்னைக்குத்தான் பொறந்ததுன்னு சொல்றீங்க? அன்னைக்குத்தான் அது எழுத்துல சிக்குச்சு, அவ்வளவுதான். எங்கம்மா பேசறதுல பாதி எந்தப் புஸ்தகத்துலயும் இல்லீங்க. அதெல்லாம் வார்த்தை இல்லீங்களா?"

"அப்படியில்லீங்க, எழுத்துன்னு ஒண்ணு சாட்சி வேணுமில்லீங்க?"

"சாட்சி இல்லாட்டி பேசுனவங்கெல்லாம் ஊமைங்களா? இல்ல, பேசவே பேசாத வார்த்தைய அந்த ஆளே உண்டாக்கிப்போட்டாருன்னா என்ன பண்ணுவீங்க?"

சித்தப்பா கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தார். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிர்வாதம் செய்தார். இரண்டு பேர் குரலும் தோப்பைத் தாண்டியது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மாறி மாறி நிமிர்ந்து பார்த்தேன். எல்லாம் கெட்டுப்போயிற்று, அதுவும் என்னால்தான் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே இருந்தவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. அம்மா தலையில் அடித்துக்கொண்டே ஓடி வந்தாள். பின்னாலேயே பெண்ணின் அப்பாவும் வந்து, "என்ன அம்மணி, வந்தவங்ககிட்ட இப்படியா சண்டை போடறது?" என்று அதட்டினார்.

"இவுங்க சொல்றது தப்புங்கப்பா," என்றார் அக்கா, மூச்சு வாங்கியபடி. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "மீதியக் கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்விட்டார்.

அங்கே நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் எல்லாம் களத்தைவிட்டுப் பறந்தன. அன்றைக்கே தட்டு மாற்றிவிட்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் நான் அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டே வந்தேன். "அந்த அக்கா வேண்டாம்மா, சித்தப்பாகிட்ட எப்படிச் சண்டை போட்டாங்க பாத்தியா? தெனமும் இப்படித்தான் போடுவாங்க." அம்மா, "போடட்டும் கண்ணு, நல்லாப் போடட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, கிணத்துக்கடவு தாண்டியும் ஒரு வார்த்தை பேசாமல், வெளியே பார்த்துத் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டுப் பஜ்ஜி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.