சீதன வீட்டில் ஒரு வட்டம்

ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டுக் கல்முனைக்குத் திரும்பிய றுஸ்தா, கூடவே ஒரு றிமோட் காரையும் கொண்டு வந்தாள். கோலாலம்பூரில் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில், சின்னக் கார்களை மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கமாகச் சறுக்கவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர்களைக் கண்டிருந்தாள். அதற்கு டிரிஃப்ட் என்று பெயர். பார்த்த மாத்திரத்தில் தனக்கும் இது வரும் என்று முடிவெடுத்தாள். துருக்கியில் ஊத் வாத்தியம், ஜோர்ஜியாவில் மட்பாண்டம், பினாங்கில் நீச்சல் எல்லாவற்றிலும் அப்படித்தான் முடிவெடுத்திருந்தாள். எதுவும் இரண்டாம் மாதத்தைக் கண்டதில்லை. கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது.

முதலில் காரைக் கடற்கரைக்குக் கொண்டுபோனாள். மணல் பல்சக்கரத்துக்குள் ஏறியது. பிறகு கொங்கிறீட் றோட்டில் விட்டாள். சறுக்குவதற்கென்றே செய்த கெட்டிப் பிளாஸ்டிக் டயர்கள் அரம் போட்டதுபோலத் தேய்ந்தன. வழுவழுப்பான தளம் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படி ஒன்று அவள் பேரிலேயே இருந்தது, அவளுடைய சீதன வீடு. அவள் பள்ளிக்கூடம் போகும்போது வாப்பா நஸீர் அதற்கு அத்திவாரம் போட்டார். அவள் விமான நிலையக் கதிரைகளில் தூங்கித் திரிந்த காலத்தில் டைல்ஸ் பதித்தார். எல்லாம் வந்துவிட்டது, மாப்பிள்ளை மட்டும்தான் வரவில்லை.

வெறும் ஹோலின் நடுவே பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வைத்து, அதைச் சுற்றி ஒரு முழு வட்டம் சறுக்கவேண்டும். ஆரம்பப் பாடமே அதுதான். வால் இடப்பக்கம் விலகினால் முன்சில்லையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். றுஸ்தாவின் கை எதிர்ப்பக்கம் ஓடியது. கார் கால்வாசி வட்டத்தில் பம்பரமாகி நின்றது. அவள் பற்றரியைக் குறை சொன்னாள், டயரைக் குறை சொன்னாள், உப்புக் காற்றைக் குறை சொன்னாள். ஆனால் விடவில்லை. இரண்டாம் மாதமும் கடந்துவிட்டதில் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அப்போதுதான் உம்மா மைமூனா வந்து டைல்ஸைக் குனிந்து பார்த்தார். சாம்பல் கோடுகள் வளையம் வளையமாகக் கிடந்தன.

"என்னகா இது? சனிக்கிழம மாப்புள வீட்டார் வீடு பாக்க வாறாங்க. இதத்தான் காட்டுறதா?"

"துடைச்சிருவன் உம்மா."

"துடை. அதோட சரி. சனிக்குப் பொறகு ஹோலுக்குள்ள இந்தச் சாமான் ஓடப்படா."

ஒரு வட்டம். ஒரேயொரு முழு வட்டம் வந்தால் போதும், வாழ்க்கையில் ஒன்றையாவது முடித்தவள் ஆகலாம். இல்லையென்றால் ஊத்துக்கும் மட்பாண்டத்துக்கும் பக்கத்தில் இதுவும் போய்ச் சேரும்.

சனிக்கிழமை காலை மண்ணெண்ணெய்த் துணியால் கோடுகளைத் துடைத்து, கூட்டி, சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டாள். கதிரையை உம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்கள் வர நேரம் இருந்தது. கடைசியாக ஒருதரம் என்று காரை இறக்கினாள்.

கார் வெண்ணெய்போல வழுக்கியது. இத்தனை நாளும் கெடுத்தது பற்றரியுமல்ல, காற்றுமல்ல. அவள் ஒருநாளும் கூட்டாத கடல்மணல். வெட்கப்படுவதற்குள் கார் அரை வட்டம் போய்விட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று கேட்டது. மாப்பிள்ளையின் உம்மா சுபைறா, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஹோலின் நடுவுக்கு வந்துவிட்டார். கார் அவரைச் சுற்றத் தொடங்கியது.

"மாமி, அசையாதீங்க! அல்லாஹ்வுக்காக அசையாதீங்க!"

சுபைறா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிலையானார். கார் வாலை வீசி அவருடைய பாதங்களைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தைத் தாண்டிப் போனது. வாசலில் நின்ற மைமூனாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"முடிஞ்சிதா புள்ள?" என்றார் சுபைறா. "நான் நகரலாமா?"

அறைகளைப் பார்த்தார்கள், வட்டிலப்பம் சாப்பிட்டார்கள், போனார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு கலியாணம் பேசிவந்த கலந்தர் காக்கா போன் எடுத்தார்.

"வீடு நல்லாப் புடிச்சிரிக்காம்" என்றார். "வேற வீடும் பாக்காங்களாம்."

உம்மா சாவியை எடுத்துக்கொண்டு சீதன வீட்டுக்கு நடந்தார். பூட்டத்தான் போகிறார் என்று றுஸ்தா காரைத் தூக்கிக்கொள்ளப் பின்னால் ஓடினாள். உம்மா அவளையும் உள்ளே விட்டு, கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஹோலின் நடுவில் நின்றார்.

"எங்க, சுத்து பாப்பம். ஊராள் வந்தா மட்டுந்தான் சுத்துமா?"

றுஸ்தா றிமோட்டை எடுத்தாள். கார் அழகாகப் புறப்பட்டு, முக்கால் வட்டத்தில் வழக்கம்போல அவளுடைய கை மறுபக்கம் திரும்ப, நேரே போய் உம்மாவின் கணுக்காலில் மோதியது.

"நீங்க அசைஞ்சிட்டீங்க உம்மா."

உம்மா இம்மியும் அசைந்திருக்கவில்லை.

"ஓம், நான்தான்" என்றார் காலைத் தடவிக்கொண்டே. "கெதியாத் திருப்பி விடு. அடுப்புல பால் கிடக்கு."