நின்றுகொண்டே இருந்த படகு

மேசை மேல் இருந்த தம்ளரில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை ஜன்னல் வழியாகக் கொட்டப் போனேன்.

"கொட்டாதீங்க டீச்சரம்மா, இங்க குடுங்க," என்றாள் கன்னியம்மா. எங்கள் பூந்தமல்லிப் பெண்கள் பள்ளியில் அவள் ஆயா. காலையில் நூம்பல் பக்கத்துச் சிறுமிகளைத் திரட்டி அழைத்து வருவாள். மாலையில் அவரவர் வீட்டில் சேர்ப்பாள். யுத்தத்துக்காக ராணுவ லாரிகள் ஓடிக்கொண்டிருந்த சாலையில் அந்தப் பிள்ளைகளை ஓரமாக ஒட்டி நடத்தி வருவதே பெரிய வேலை.

தம்ளரைக் கொடுத்தேன். அவள் அந்தத் தண்ணீரில் கரும்பலகைத் துணியை நனைத்துப் பிழிந்தாள். பிழிந்ததை வெளியே செம்பருத்திச் செடிக்கு விட்டாள்.

"கிணற்றில்தான் தண்ணீர் இருக்கிறதே," என்றேன்.

"கீதும்மா. இல்லாத எடத்துல குந்திகினு இருந்தவ நான். ஒரு செம்புத் தண்ணில நாலு பேரு மூஞ்சி கழுவுவோம்."

"எந்த ஊரில்?"

"ஊரா? கடல்ல."

கடலில் தண்ணீருக்கா பஞ்சம் என்று கேட்டுவிட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எம் மாப்புளயும் இதத்தான் கேட்டாரு. நீங்க பரவால்ல, அவரு ரெண்டு தபா கேட்டாரு."

அந்தக் கப்பல் எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"கப்பல் இல்லம்மா, பாய் கட்ன படகு. நம்ம ரெண்டாங் கிளாசு ரூம்பு நீட்டு கூட வராது. போவவும் இல்ல. அது நின்னுகினே இருந்துச்சி, எம் பொண்ணுக்கு மாசம் ஏறிகினே இருந்துச்சி. அதான் கஷ்டமே."

மணி அடித்தது. அவள் துணியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். மீதிக் கதையை அந்த வருஷம் முழுவதும், மதியச் சாப்பாட்டு வேளைகளில், கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கன்னியம்மா நூம்பலில் பிறந்து நூம்பலிலேயே வாழ்க்கைப்பட்டவள். கணவன் நாகப்பன் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவன். பாம்பு கடித்து இறந்தான். ஒரே மகள் பூங்காவனத்தை வளர்க்க, பூந்தமல்லி சாலையில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரின் பங்களாவில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனாள். அந்த வேலையிலிருந்தே மகளைக் கள்ளிக்குப்பத்தில் வேம்புலி என்பவனுக்குக் கட்டிக் கொடுத்தாள்.

யுத்தத்துக்குப் பல வருஷம் முன்பு, மகளுக்குக் கல்யாணமான மறு மாசம் துரைக்கு நீண்ட லீவு கிடைத்தது. அவர் வாங்கி வைத்திருந்த பாய்மரப் படகில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு இலங்கைக் கரையைச் சுற்றிவர ஆசைப்பட்டார். ஆயா இல்லாமல் நான் வரமாட்டேன் என்றாள் துரைசாணி. சித்திரையில் புறப்பட்டால் புரட்டாசிக்குள் வந்துவிடலாம் என்று துரை சொன்னார். கன்னியம்மா ஒப்புக்கொண்டாள். கடல் அவளுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். ஏரி ஓரத்தில் பிறந்தவளுக்குத் தண்ணீரில் என்ன பயம் என்று அப்போது நினைத்தாளாம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையும்போது காற்றில் பாய்மரம் விரிசல் கண்டது. நங்கூரம் போட்டார்கள். வேறு மரம் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார் துரை. அன்று நின்ற படகுதான்.

விடிந்ததும் முதல் வேலை கடல்தண்ணீரை வாளியால் மொண்டு மேல்தளத்தைக் கழுவுவது. உச்சி வெயில் ஏறுவதற்குள் கித்தானை இழுத்துக் கட்டிப் பந்தல் போட வேண்டும். இல்லையென்றால் பலகையில் கால் வைக்க முடியாது. சோற்றுக்குப் பாதி நல்ல தண்ணீர், பாதி கடல்தண்ணீர். உப்பு தனியாகப் போடத் தேவையில்லை. படகு ஆடினாலும் சாயாதபடி பம்ப் ஸ்டவ் இரண்டு பக்கமும் ஆடும் கம்பியில் தொங்கும். துணியைக் கடல்தண்ணீரில் அலசினால் சோப்பு நுரைக்காது; உலர்ந்த சேலை அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். கித்தான் மறைப்பில் கடல்தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டுக் கடைசியில் ஒரு தம்ளர் நல்ல தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். தலைக்கு அது போதாது. அந்த மாசங்களில் தன் தலைமுடி தேங்காய் நார் ஆகிவிட்டது என்றாள்.

பாபா என்று அழைத்த அந்தப் பிள்ளைக்கு நான்கு வயது. அவன் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைப் பாய்மரத்தில் முடிந்து வைப்பாள். அது கன்றுக்குட்டியைக் கட்டும் முடிச்சு. துரை அதை அவிழ்த்துத் தன் முடிச்சைப் போடுவார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அதன்மேல் தன் முடிச்சையும் போட்டுவிடுவாள். பொழுது சாய்ந்ததும் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் மேலே இழுத்துக் கட்டுவாள், மற்ற கப்பல்கள் வந்து இடிக்காமல் இருக்க.

கரைக்குப் போக இருந்தது ஒரு சின்னப் படகு. அதைத் துரைதான் ஓட்டுவார். அவர் காய்கறி வாங்கப் போனால் இவர்கள் மூன்று பேரும் பெரிய படகில் இருப்பார்கள்; அவர் அழைத்துப் போனால்தான் கரையைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் பாபாவின் தொப்பி தண்ணீரில் விழுந்தது. துரை தூங்கிக்கொண்டிருந்தார். கன்னியம்மா சின்னப் படகில் இறங்கி, கயிற்றை அவிழ்த்து, கொக்கி வைத்த நீளக் கழியை எடுத்து, நம் ஏரியில் வாழைத்தண்டுத் தெப்பத்தைத் தள்ளுவது போல ஓங்கி ஊன்றினாள். ஏரி எவ்வளவு நிரம்பினாலும் மூங்கிலுக்குத் தரை எட்டும். அங்கே கழி போய்க்கொண்டே இருந்தது. கூடவே அவள் கை தோள் வரை உள்ளே போயிற்று. பயந்து கழியை விட்டுவிட்டாள். கழி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், இவள் உட்கார்ந்திருந்த படகு ஒரு பக்கம் மிதந்து போயின. துறைமுகச் சாமான் படகில் வேலை செய்த லோகநாதன் என்ற ஆள்தான் கயிறு போட்டு இழுத்து வந்து சேர்த்தான். அவன் ஆவடிக்காரன், கள்ளிக்குப்பத்துக்குப் பக்கத்து ஊர். அதற்குப் பிறகு எப்போது எதிர்ப்பட்டாலும் கேட்பானாம்:

"இன்னாக்கா, தரை கெடச்சிதா?"

புரட்டாசியும் வந்தது, மரம் வரவில்லை. லீவில் ஊருக்குப் போய்த் திரும்பிய லோகநாதன் ஒரு சேதி கொண்டுவந்தான். பூங்காவனம் முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாவது மாசம், அம்மாவை வரச் சொன்னாள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எல்லாரும் செய்வதுதான். ஆனால் தாய் வந்து அழைத்தால்தான் அனுப்புவோம் என்பது சம்பந்தி கெங்கம்மாளின் கண்டிப்பு. நூம்பலில் பூங்காவனத்துக்கு வேறு யாரும் இல்லை. கெங்கம்மாள் வீட்டு மூத்த மருமகளை முன்பு அழைக்க ஒருவரும் வராமல், அவள் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோதே வலி கண்டு, வரப்பிலேயே பிள்ளையோடு செத்துப்போனாள். இதைக் கன்னியம்மா என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

அவள் துரையிடம் போய் ஊருக்கு அனுப்பச் சொன்னாள். அடுத்த வாரம் மரம் வந்துவிடும், எல்லாரும் சேர்ந்தே போகலாம் என்றார். ஐப்பசி மழை தொடங்கியது. கித்தானில் விழுந்த மழையைப் பீப்பாயில் பிடித்து, வயிறு நிறையக் குடித்து, தலைக்கும் ஊற்றிக்கொண்டார்கள். மழைக்காற்று ஓயாமல் கிளம்ப முடியாது என்று துரை இப்போது சொன்னார். மறுபடியும் கேட்டாள். லோகநாதன் மூலம் கரையிலிருந்து பொன்னம்மாள் என்ற பெண்ணைத் தனக்குப் பதிலாக வரவழைத்தாள். பாபா அவளைப் பார்த்து வீறிட்டு அழுதான். துரை அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

யாரும் கரைக்குக் கொண்டுபோய் விடமாட்டார்கள் என்பது அன்று கன்னியம்மாவுக்கு நிச்சயமாயிற்று. பாபாவுக்கு வேடிக்கை காட்டுவதாகத் துரைசாணியிடம் கேட்டு, சின்னப் படகை நீளக் கயிற்றில் பெரிய படகோடு கட்டிக்கொண்டு, துடுப்புப் போடப் பழகினாள். போகிற பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தாள். படகு செக்குமாடு மாதிரி சுற்றியது. துரை எப்படி உட்காருவார் என்று யோசித்துப் பார்த்தாள். அவர் முதுகுதான் கரைப் பக்கம் இருக்கும். அப்படியே உட்கார்ந்தாள். பின்னால் விட்டுவந்த பாய்மரத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டால் படகு கோணாமல் போயிற்று. உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்தது. வாரத்துக்கு வாரம் கயிற்றை நீளமாக்கினாள்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை. காற்று இல்லை. தளத்தைக் கழுவினாள், சோறு வடித்தாள், விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள், பாபாவை மரத்தில் கட்டினாள். பிறகு தன் துணி மூட்டையோடு துரைசாணி முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, எம் பொண்ணு எனக்காவ காத்துகினு கீறா. நான் இன்னிக்கு போறேன்."

துரைசாணி தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. துரைதான் சிரித்தார். தமக்குத் தெரிந்த தமிழில், "எப்படிப் போகும்? குச்சி போட்டுப் போகுமா?" என்று கேட்டார்.

"துடுப்பு போட்டுகினு போறேன் தொரே. படகு ஒங்களுக்கு மதியத்துக்குள்ள வந்துரும்."

அவர் தடுக்கவில்லை. அவள் எப்படியும் பாதியில் திரும்பிவிடுவாள் என்று நினைத்திருக்கலாம். அவள் ஏணியில் இறங்கி, கயிற்றை அவிழ்த்து, துடுப்பை எடுத்தாள்.

இந்த இடத்துக்கு வந்தபோதெல்லாம் கன்னியம்மா நேரே கரைக்குத் தாவிவிடுவாள். ஒரு தடவை மட்டும் சொன்னாள்.

"முதுவ காட்டிகினு போயிருந்தா சுளுவா போயிருப்பேம்மா. துடுப்பு போடறவ அப்பிடி போவ முடியாதே. மூஞ்சி படகு பக்கம்தான். புள்ள கன்னீ, கன்னீன்னு கயித்த இஸ்துகினு அழுவுது. நான் போட்ட முடிச்சி, அவுராதுன்னு தெரியும். அவ்ளோ தூரமும் அத பாத்துகினேதான் போனேன்."

கரையில் லோகநாதன் படகைப் பிடித்தான். அன்று அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. சின்னப் படகை அவனே ஓட்டிக்கொண்டுபோய்ப் பெரிய படகில் கட்டினான். துரை குனிந்து கயிற்றை வாங்கும் வரை கரையிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் கன்னியம்மா ரயிலடிக்கு நடந்தாள். தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, மறுபடியும் ரயில். எழும்பூரில் இறங்கியவள் நூம்பலுக்குப் போகவில்லை. நேராகக் கள்ளிக்குப்பம் போனாள்.

கெங்கம்மாள் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வெயிலிலும் உப்பிலும் கருத்துப்போய் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு, தண்ணி மேல குடித்தனம் போன சம்மந்தியா? வழி தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது. எம் பொண்ண இட்டுகினு போவ வந்தேன்."

"எட்டாம் மாசம் பொறந்துடுச்சி. ரெட்டப்பட மாசத்துல எங்க ஊட்ல அனுப்பற வழக்கம் இல்ல."

உள்ளேயிருந்து பூங்காவனம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் வீங்கியிருந்தன. முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

கன்னியம்மா மகளின் காலைப் பார்த்தாள். மூட்டையை இறக்கி வைத்தாள்.

"அனுப்பாத. ஒம்பது பொறக்கறவரிக்கும் நான் இங்கயே கீறேன். அவ எறங்கற கழனில நான் எறங்கறேன். அவ குந்திகினு இருக்கட்டும்."

கெங்கம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. சம்பந்தியைத் தன் கழனியில் களை எடுக்க விட்டாள் என்று ஊர் பேசும். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் மருமகளை இறக்க வேண்டும். மறுநாள் காலை கன்னியம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கள்ளிக்குப்பத்துப் பெண்களோடு வரிசையில் நின்றாள். கப்பல்காரி என்று அவர்கள் கேலி செய்தார்கள். அவள் தன் வரிசையை முடித்து அவர்களுக்கு முன்னால் வரப்பைத் தொட்டாள். எட்டாம் மாசம் முடியும் வரை ஒரு நாள்கூட ஓய்வெடுக்கவில்லை. கடைசியில் கெங்கம்மாளே வளையல்காரரை வரவழைத்து, மருமகளின் இரண்டு கையும் நிறைய அடுக்கி, வண்டி கட்டி அனுப்பினாள். ஏறும்போது சம்பந்தியிடம், இனிமேல் கழனிப் பக்கம் வந்துடாதே, என் மானம் போகிறது என்றாளாம். அதில் கோபம் அதிகம் இல்லை என்று கன்னியம்மா சொன்னாள்.

தை மாசம் நூம்பலில் பெண் குழந்தை பிறந்தது. நாள் முழுக்க வலி. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

துரையின் படகு பிறகு எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. லோகநாதனும் ரங்கூனுக்கு மாறிப் போய்விட்டான். பாபா இப்போது வாலிபனாகியிருப்பான், அவனையும் யுத்தத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று ஒரு நாள் கேட்டாள். அவனுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை என்று நான் சொன்னதும், வயதை விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தாள்.

அடுத்த கோடையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பூனாவில் வேலை. பள்ளியில் என் கடைசி நாளன்று கன்னியம்மா பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு வகுப்புக்குள் வந்தாள். எனக்குத் தாய் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

"டீச்சரம்மா, ஒன்னு கேக்கறேன். மாசமா ஆனா, யாரு வந்து இட்டுகினு போவாங்கன்னு யோசன பண்ணிகினு அங்கியே இருந்துடாதீங்க. எனக்கு சொல்லி அனுப்புங்க. பூனா எங்க கீதுன்னு எனக்கு தெரியாது. நான் வந்துடறேன்."